மூன்று கார்டு, நகராத ஒரு விரல்: 'கேண்டலூப் ஐலண்ட்' கிட்டாரில் பழக ஒரு வழி

சினிமாப் பாட்டுகளுக்கு ஓரளவு கார்டு போட வந்துவிட்டது, பார் கார்டும் பிடிக்க முடிகிறது, அடுத்து ஜாஸ் பக்கம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹேன்காக்கின் 'கேண்டலூப் ஐலண்ட்'. மொத்தமே மூன்று கார்டு, பதினாறு பார் (இங்கே பார் என்பது நான்கு தட்டு கொண்ட தாள அளவு, பார் கார்டு அல்ல). ஒரு கார்டு வந்தால் நான்கு பார் அங்கேயே தங்கும். அதனால் அடுத்து என்ன வரப்போகிறது என்ற பதற்றமில்லாமல், கையில் இருக்கும் கார்டு எப்படி ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க நேரம் கிடைக்கிறது. ஜாஸ் பழகுகிறவருக்கு முதலில் வேண்டியது அந்த நேரம்தான்.

இந்தப் பாட்டு 1964 ஜூன் 17 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் இங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஊரில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. 'எம்பிரியன் ஐல்ஸ்' என்ற புளூ நோட் நிறுவன ஆல்பத்தில் வந்தது. வாசித்தவர்கள் நால்வர். பியானோ ஹேன்காக், கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) ஃபிரெடி ஹப்பர்ட், டபுள் பாஸ் ரான் கார்ட்டர், டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ். ஹேன்காக்குக்கு அப்போது 24 வயது, வில்லியம்ஸுக்கு 18. 1976இல் 'சீக்ரெட்ஸ்' ஆல்பத்துக்காக ஹேன்காக் இதையே முழு ஃபங்க் இசைக்குழுவோடு மறுபடி வாசித்தார். 1990களின் தொடக்கத்தில் லண்டனைச் சேர்ந்த அஸ் த்ரீ குழு பழைய பதிவிலிருந்து துண்டு எடுத்து ஒரு ஹிப் ஹாப் பாட்டு செய்தது. அதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பியானோ ஏற்கெனவே பழக்கமாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள், 1964 பதிவில் கிட்டாரே கிடையாது. 'இப்படித்தான் வாசிக்க வேண்டும்' என்று காப்பியடிக்க ஒரு கிட்டார் பகுதி இல்லை. பியானோவின் வேலையை நாம் கிட்டாருக்குக் கொண்டுவரப் போகிறோம். வழி நம் கையில் இருக்கிறது என்பதால் கைக்கு இதமான வழியாகவே தேர்ந்தெடுக்கலாம்.

கிட்டாரை எடுக்கும் முன்

முதல் இரண்டு நாள் கிட்டாரைத் தொட வேண்டாம். பாட்டைப் போட்டுவிட்டு ஆதி தாளம் போடுங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 110 தட்டை ஒட்டி இருக்கிறது, கை சிரமமில்லாமல் போகும். ஒரு பாருக்கு நான்கு தட்டு, ஒரு கார்டுக்கு நான்கு பார், ஆக ஒரு கார்டுக்குப் பதினாறு தட்டு. அதாவது எட்டுத் தட்டு கொண்ட ஆதி தாளத்தில் சரியாக இரண்டு ஆவர்த்தனம். எட்டு ஆவர்த்தனம் முடிந்தால் ஒரு சுற்று முடிந்தது. வரிசை இது:

எஃப் மைனர் – இரண்டு ஆவர்த்தனம்
டி ஃபிளாட் – இரண்டு ஆவர்த்தனம்
டி மைனர் – இரண்டு ஆவர்த்தனம்
மறுபடி எஃப் மைனர் – இரண்டு ஆவர்த்தனம்

ஒவ்வொரு மாற்றமும் சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், வந்து விழுவதை உடம்பு உணர வேண்டும். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சுற்றின் கடைசிக் கார்டும் எஃப் மைனர், அடுத்த சுற்றின் முதல் கார்டும் எஃப் மைனர். ஆகவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எஃப் மைனர் மட்டும் தொடர்ந்து நான்கு ஆவர்த்தனம் நீளும். அந்த நீளத்தில்தான் 'இது முடிவா, தொடக்கமா?' என்று கணக்கு தவறும். தாளத்தைக் கையில் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. நோட்டேஷனைப் பார்த்து எண்ணுகிறவர்களுக்குத்தான் வருகிறது.

மூன்றாம் நாள் இன்னொரு வேலை. நான்காம் தந்தியின் (மிக மெல்லியதுதான் முதல் தந்தி) 3ஆம் ஃபிரெட்டில் இருக்கும் எஃப் சுரத்தை மட்டும் மீட்டி, அந்தச் சுரத்தை வாயால் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டைப் போட்டு, மொத்தப் பாட்டுக்கும் அந்த ஒரே சுரத்தைப் பாடுங்கள். எங்கேயும் உறுத்தாது, ஏனென்றால் மூன்று கார்டுக்குள்ளும் எஃப் இருக்கிறது. ஆனால் கார்டு மாறும்போதெல்லாம் நீங்கள் பாடும் சுரத்தின் முகம் மாறும். எஃப் மைனரில் அது ஷட்ஜம். டி ஃபிளாட்டுக்குப் போனதும் அதே சுரம் அந்தர காந்தாரம் ஆகிறது. டி மைனரில் சாதாரண காந்தாரம். கச்சேரியில் கிரக பேதம் (ஷட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றிப் பாடுவது) கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நம் இசையில் சுருதி அடியில் அசையாமல் நிற்க, பாட்டு மேலே நகரும். இங்கே பாடும் சுரம் அசையாமல் நிற்கிறது, அடியில் இருக்கும் தரை நகர்கிறது. எனக்கு இந்தப் பாட்டின் மொத்த அழகும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. இனி கிட்டாரில் செய்யப்போகும் எல்லாமே இதைக் கையால் தொட்டுப் பார்ப்பதற்காகத்தான்.

மூன்று பிடிகள்

பாட்டுப் புத்தகங்களில் எஃப் மைனர் 7, டி ஃபிளாட் 7, டி மைனர் 7 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்த பார் கார்டுகளைத் தேடிக் கை ஓடும். எஃப் மைனருக்கு முதல் ஃபிரெட், டி ஃபிளாட்டுக்கு நான்காவது, டி மைனருக்கு ஐந்தாவது என்று கழுத்து முழுக்கத் தாவுவோம். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் வாசித்தேன். தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனித் துண்டாகக் கேட்கும்.

அதற்குப் பதில் நான்கு மெல்லிய தந்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள எண்கள் ஃபிரெட் எண்கள். நான்காம் தந்தியில் தொடங்கி, மூன்று, இரண்டு, ஒன்று என்ற வரிசையில் படிக்க வேண்டும்.

எஃப் மைனர் 7: 3 – 5 – 4 – 4
டி ஃபிளாட் 9: 3 – 4 – 4 – 4
டி மைனர் 9: 3 – 5 – 5 – 5

முதல் எண் மூன்று வரியிலும் 3. அதுதான் நீங்கள் பாடிய எஃப். ஆள்காட்டி விரலை அங்கே வைத்தால் பாட்டு முடியும் வரை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, மூன்றாவது வரிகளில் 7 என்பது 9 ஆகியிருக்கிறது. புத்தகத்தில் உள்ள கார்டோடு ஒரு சுரம் கூடச் சேர்கிறது, அவ்வளவுதான். அந்த ஒன்பதாவது சுரம் ஃபங்க் வாசிப்பின் உப்பு மாதிரி. இந்த இரண்டு பிடியிலும் கார்டின் மூல சுரம் இல்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். டி ஃபிளாட் 9இல் டி ஃபிளாட் இல்லை, டி மைனர் 9இல் டி இல்லை. அதை பாஸ் வாசிப்பவர் தருவார்.

இந்தப் பாடம் எனக்கு ஒரு மொட்டைமாடி அறையில் கிடைத்தது. நண்பர்கள் நாலு பேர் கூடி வாசித்துக்கொண்டிருந்தோம். நான் ஆறு தந்தியையும் அழுத்தி முழுப் பார் கார்டாக அடித்துக்கொண்டிருந்தேன். பாஸ் வாசித்த தம்பி பாட்டை நிறுத்திவிட்டு, "அண்ணே, அடியில இருக்கிற ரெண்டு தடி ஸ்ட்ரிங்கை எனக்கு விட்டுருங்க" என்றான். விட்டேன். அடுத்த சுற்றில் அந்தச் சின்ன அறை ஒரு பங்கு பெரிதானது போல இருந்தது. பாஸ் என்ன வாசிக்கிறான் என்று அன்றுதான் முதன்முதலாக என் காதில் விழுந்தது.

விரல்கள் இப்படி. எஃப் மைனர் 7க்கு ஆள்காட்டி விரல் நான்காம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில். மோதிர விரலின் நுனி மூன்றாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டில். நடுவிரலைப் படுக்க வைத்து, 4ஆம் ஃபிரெட்டில் முதல் இரண்டு தந்திகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஐந்தாம் தந்தி ஒலிக்காதபடி ஆள்காட்டி விரலின் நுனி அதை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஆறாம் தந்தியைக் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும் கட்டைவிரல் அடக்கிவிடும்.

டி ஃபிளாட் 9க்கு நடுவிரலை எடுத்துவிட்டு, மோதிர விரலைப் படுக்க வைத்து 4ஆம் ஃபிரெட்டில் மூன்று தந்திகளையும் அழுத்துங்கள். கையில் இவ்வளவு மாறினாலும் காதில் மாறுவது ஒரே ஒரு சுரம். மூன்றாம் தந்தியில் சி அரைச் சுரம் இறங்குகிறது. மற்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. ஒரு சுரம் அரை அடி இறங்கியதற்கா பாட்டே வேறு ஊருக்குப் போனது போல இருக்கிறது என்று தோன்றும். அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

டி மைனர் 9க்கு, படுத்திருக்கும் மோதிர விரலை அப்படியே ஒரு ஃபிரெட் மேலே இழுத்துவிடுங்கள். தந்தியிலிருந்து எடுக்காமல் இழைத்துக்கொண்டு போனால் இன்னும் அழகு. ஆள்காட்டி விரல் அசையாது.

திரும்ப எஃப் மைனர் 7க்கு வருவதுதான் கடினமான இடம். படுத்திருந்த மோதிர விரல் எழுந்து நுனியில் நிற்க வேண்டும், அதே நொடியில் நடுவிரல் வந்து படுக்க வேண்டும். முதலில் முதல் தந்தி செத்துப்போன மாதிரி 'டப்' என்று கேட்கும். இதற்கு மட்டும் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மெட்ரோனோமை 60இல் வைத்து, நான்கு தட்டுக்கு டி மைனர், நான்கு தட்டுக்கு எஃப் மைனர். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக மீட்டி, நான்கும் தெளிவாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும். நடுவிரல் படுக்கவே மறுத்தால், கொஞ்ச நாளைக்கு முதல் தந்தியை விட்டுவிட்டு மற்ற மூன்று தந்தியில் வாசியுங்கள். ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். முதல் தந்தியில்தான் எஃப் மைனரின் காந்தாரமான ஏ ஃபிளாட் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மைனரின் சோகம் போய்விடும்.

துணைக்கு பாஸ் ஆள் இல்லாமல் தனியாக வாசிக்கிறீர்களா? அப்போது மூல சுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எஃப் மைனர் 7இல் அடிச் சுரமே எஃப் என்பதால் அங்கே சேர்க்க ஒன்றுமில்லை. டி ஃபிளாட் 9க்கு ஓய்ந்திருக்கும் நடுவிரலை ஐந்தாம் தந்தியின் 4ஆம் ஃபிரெட்டில் வையுங்கள். டி மைனர் 9க்கு அதையும் மோதிர விரலோடு சேர்த்து 5ஆம் ஃபிரெட்டுக்கு நகர்த்துங்கள்.

வலது கை

கார்டு இடது கையில் இருந்தாலும், ஃபங்க் என்பது வலது கையில்தான். இங்கே சுவிங் (தட்டை நெடிலும் குறிலுமாகப் பிரிக்கும் ஜாஸ் நடை) கிடையாது, தட்டுகள் சமமாக ஓடும். ஒவ்வொரு தட்டையும் 'தகதிமி' என்று நான்காகப் பிரித்து வாயால் சொல்லுங்கள். ஒரு பாருக்கு நான்கு தகதிமி. 'த'வுக்குப் பிக் கீழே, 'க'வுக்கு மேலே, 'தி'க்குக் கீழே, 'மி'க்கு மேலே. கை இந்த ஓட்டத்தை எப்போதும் நிறுத்தக் கூடாது, தந்தியில் படாத நேரத்திலும் காற்றில் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு ஒரு பாரில் இரண்டே அடி. முதல் தகதிமியின் 'த'வில் ஒன்று, இரண்டாம் தகதிமியின் 'தி'யில் ஒன்று. இரண்டுமே கீழ்நோக்கிய அடி. முதல் அடி குறுகியது: அடித்த உடனே இடது கை அழுத்தத்தைத் தளர்த்திவிட வேண்டும், விரல் தந்தியை விட்டு எழக் கூடாது. இரண்டாவது அடியைக் கொஞ்சம் நீள விடுங்கள். மூன்றாவது, நான்காவது தட்டுகளில் பேசாமல் இருங்கள். அந்த இடம் காலியாக இருப்பது தவறில்லை, பாஸும் டிரம்ஸும் நிரப்புவதற்கான இடம் அது.

(த)கதிமி – தக(தி)மி – தகதிமி – தகதிமி (அடைப்புக்குள் இருப்பவைதான் அடி)

இதை 60இல் தொடங்கி, சரளமாக வந்த பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றி 110க்குக் கொண்டுபோங்கள். 110ஐ எட்டிவிட்டால் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 35 நொடி ஆகும்.

இது படிந்த பிறகு காலி இடங்களில் 'சிக் சிக்' என்ற உராய்வைச் சேர்க்கலாம். இடது கை விரல்கள் தந்தியைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க, வலது கை அதன்மேல் ஓடும். ஃபங்க் கிட்டாரின் அடையாளமே இந்தச் சத்தம்தான். 1976 'சீக்ரெட்ஸ்' ஆல்பத்தில் வாசித்த வா வா வாட்சன் இந்தக் கலையில் பெரிய கை. தேடிக் கேளுங்கள். இந்த உராய்வு கார்டைவிடச் சன்னமாகவே கேட்க வேண்டும். புதிதாகப் பழகும்போது உராய்வு கார்டையே மூழ்கடிக்கும். அப்படி ஆனால் பிக்கை இன்னும் தளர்வாகப் பிடியுங்கள், மணிக்கட்டிலிருந்து மட்டும் அசையுங்கள், முழங்கையிலிருந்து வேண்டாம்.

எலக்ட்ரிக் கிட்டாராக இருந்தால் டிஸ்டார்ஷன் வேண்டவே வேண்டாம். சுத்தமான சத்தம், கழுத்துப் பக்கத்துப் பிக்கப், டோனைச் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள். அக்குஸ்டிக் கிட்டாரிலும் இது நன்றாகவே வரும்.

இரண்டையும் சேர்க்கும்போது

இப்போது ஃபோனில் உங்கள் பாஸை நீங்களே பதிவு செய்யுங்கள். ஆறாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் எஃப், ஐந்தாம் தந்தியின் 4ஆம் ஃபிரெட்டில் டி ஃபிளாட், அதே தந்தியின் 5ஆம் ஃபிரெட்டில் டி. மெட்ரோனோமோடு ஒவ்வொரு பாருக்கும் முதல் தட்டில் ஒரு தரம் மீட்டினால் போதும். ஐந்து சுற்று பதிவு செய்துவிட்டு அதன்மேல் கார்டுகளை வாசியுங்கள். மூன்று நிமிடம் நிற்காமல் வாசித்துக் கணக்கு தவறவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டம் முந்திக்கொள்வது. கார்டு மாறப்போகும் பாரில், நான்காம் தகதிமியின் 'தி'யிலேயே புதிய கார்டை அடித்துவிட்டு, சமத்தில் அடிக்காமல் அதை நீள விடுவது. பாட்டை யாரோ முன்னால் இழுத்த மாதிரி இருக்கும். எல்லா மாற்றத்திலும் இதைச் செய்ய வேண்டாம். டி ஃபிளாட்டிலிருந்து டி மைனருக்குப் போகும்போது மட்டும் செய்து பாருங்கள், மோதிர விரல் இழைவதும் இதுவும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

சோலோ பக்கம் ஆசை இருந்தால் ஒரு குறிப்பு மட்டும். எஃப் மைனரில் எஃப்பை ஷட்ஜமாக வைத்துக் கரகரப்பிரியாவின் சுரங்கள். டி ஃபிளாட்டில் டி ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்து வாசஸ்பதியின் சுரங்கள். டி மைனரில் டியிலிருந்து மறுபடி கரகரப்பிரியா, அது பியானோவின் வெள்ளைக் கட்டைகள் மட்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது மாறுவது சியும் டியும் மட்டுமே, இரண்டும் அரைச் சுரம் இறங்குகின்றன. ராகமாகப் பாட இது போதாது, கமகமும் சஞ்சாரமும் இல்லாமல் வெறும் சுர வரிசைதான். ஆனால் விரலுக்கு வழி காட்ட இது தாராளம்.

நண்பர்களோடு வாசிக்கும்போது, ஒருவர் சோலோ வாசித்தால் உங்கள் அடிகளைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு பார் அடித்து ஒரு பார் சும்மா இருந்தாலும் பாட்டு நிற்காது. முடிப்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த நீண்ட எஃப் மைனரில் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். நாங்கள் செய்வது இது. முடிக்க நினைப்பவர் டி மைனர் ஓடும்போது தலையை நிமிர்த்தி எல்லோர் கண்ணையும் பார்ப்பார். கடைசி எஃப் மைனரின் இரண்டு ஆவர்த்தனத்தை முழுதாக வாசித்து, அடுத்த சமத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு குறுகிய அடி. அடித்த உடனே இடது கையைத் தளர்த்திவிடுங்கள், ஆள்காட்டி விரல் மட்டும் அந்த 3ஆம் ஃபிரெட்டில் அழுந்தியே இருக்கட்டும். அறை அடங்கும்போது எஃப் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.